மூக்கு வைத்த ஜீப்

எங்கள் சித்தப்பா ஒரு ஜீப்புக்கு மூக்கு வைத்தார். சொன்னால் யாரும் நம்புவதில்லை. சடையங்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு இன்று போய்க் கேட்டாலும் "மூக்கு வண்டியா, தெரியுமே" என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். அந்த மூக்கு எதற்காக வைக்கப்பட்டது என்பது அவர்கள் எல்லோருக்கும் அப்போதே தெரிந்திருந்தது. தெருவிலேயே அது தெரியாத ஒரே ஆள் நான்தான். ஆனால் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் ஒன்றாம் வகுப்பு. ஒரே வீட்டில் இரண்டு குடும்பம். முன்னறையில் அப்பா, அம்மா, நான். பின்னறையில் அப்பாவின் தம்பியான சித்தப்பாவும் சித்தியும். அப்பாவுக்கு மணலியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. சித்தப்பா துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டினார். சித்தி ராயபுரத்துக்காரி, கடலுக்குப் போகிற குடும்பத்துப் பெண். அம்மா அப்பா இல்லாமல் அண்ணன் வீட்டில் வளர்ந்தவள். அந்த அண்ணனுக்கு இருந்தது ஒரே அறை, அதில் ஏற்கெனவே ஒரு கூட்டம்.

எங்கள் பகுதி தாழ்வானது. வாடகை குறைவு என்பதுதான் அதன் ஒரே பெருமை. மெயின் ரோட்டிலிருந்து தரைப்பாலம் வரை தார் போட்டிருந்தார்கள். அதற்கப்புறம் எங்கள் தெரு வரை வெறும் மண். யாரோ போட ஆரம்பித்து, யாரோ வேண்டாம் என்று நிறுத்திவிட்டுப் போன ரோடு. மழைக்காலத்தில் எங்கேயோ ஏரியைத் திறப்பார்கள். எங்கள் மண் ரோடு காணாமல் போகும். வடியும்வரை வெளியுலகத்தோடு எங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இருக்காது.

முந்தின வருட மழையில்தான் சித்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. ஆம்புலன்ஸ் தார் முடிகிற இடத்தில் நின்றுவிட்டது. மீனவர் குப்பத்திலிருந்து ஒரு படகுக்குச் சொல்லி, அது வந்து, சித்தியை ஏற்றி, அந்தப் பக்கம் சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. சில நாள் கழித்து சித்தி வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை. எனக்கு ஒரு பாப்பா வரும் என்று மாதக்கணக்கில் சொல்லிவைத்திருந்தார்கள். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்பது அன்றைய என் அறிவு. அம்மாவிடம் போய், "பாப்பா எங்க?" என்று கேட்டேன். அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரில கீது. தண்ணி வடியட்டும், இட்டாந்துடலாம்."

தண்ணீர் வடிந்தது. கிறிஸ்துமஸ் வந்தது, பொங்கல் வந்தது. பாப்பா வரவில்லை. மறுபடியும் கேட்டேன். "வண்டி எதுனா வரணும்ல. இந்த ரோட்டுல எவன் வரான்?" என்றாள் அம்மா. என் வாயை அடைக்க அந்த நேரத்துக்குக் கிடைத்த பதில் அது. நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். பாப்பா இருக்கிறது, வண்டிதான் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

கோடை விடுமுறையில் ஒருநாள் சித்தப்பா ஒரு ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். கண்டெய்னர் யார்டில் வருடக்கணக்காக ஓடாமல் கிடந்த பழைய டீசல் ஜீப். காயலான் கடைக்குப் போக வேண்டியதைப் பேசி வாங்கியிருந்தார். தரையில் ஓட்டை விழுந்து, அந்த ஓட்டை வழியாகப் புல் முளைத்து, பின் சீட்டில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. பூனையையும் குட்டிகளையும் ஒரு கோணிக்கு மாற்றிய பிறகுதான் பேச்சே ஆரம்பித்தது.

"இன்னாடா இது?" என்றார் அப்பா.

"ஜீப்புண்ணா."

"அது எனக்கும் தெரிது. இத்த வச்சிகினு இன்னா பண்ணப் போற?"

"ஆஃப் ரோடு வண்டி பண்ணப் போறேண்ணா."

அந்த வார்த்தை சித்தப்பாவுக்கு செல்போனிலிருந்து வந்தது. துறைமுக வாசலில் டிரெய்லரோடு வரிசையில் காத்துக்கிடக்கும் நேரமெல்லாம் அவர் வீடியோ பார்ப்பார். அதில் வெள்ளைக்காரர்கள் வண்டியை ஆற்றுக்குள் இறக்கி அந்தக் கரையில் ஏற்றுவார்கள். ரோடே இல்லாத இடத்தில் போவதற்கென்று தயார் செய்த வண்டிகள். ஆனால் எங்கள் பக்கத்தில் ஆஃப் என்றால் பாதி. ஆஃப் பாயில், ஆஃப் டிக்கெட், ஆஃப் ரோடு. தெரு மொத்தமும் அதைப் பாதி ரோடு என்றுதான் புரிந்துகொண்டது. "நம்ம ரோட்டுக்குன்னே வண்டி செய்றாம்பா" என்று டீக்கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். தப்பாகப் புரிந்துகொண்டாலும் விஷயத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அப்பாவுக்குக் கோபம். "இதுக்குக் கொட்றதுக்கு ராயபுரத்துல ஒரு வூடு பார்க்கலாம்ல?" என்றார்.

"அங்க கேக்கற வாடகைக்கு நான் கண்டெய்னர இல்லண்ணா, ஹார்பரையே இழுக்கணும்" என்றார் சித்தப்பா.

சித்தப்பாவிடம் ஆசை இருந்த அளவுக்குக் காசு இல்லை. வீடியோவில் வரும் சாமான் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்ப்பார், அதை நிறுத்தி வைத்துப் பெருமூச்சு விடுவார், பிறகு அதற்கு எங்கள் ஊரில் என்ன மாற்று என்று யோசிப்பார். ஓட்டை விழுந்த தரைக்கு, உடைத்துப் போட்ட கண்டெய்னரின் பக்கவாட்டுத் தகடு வந்தது. அது மடிப்பு மடிப்பாக இருக்கும். காலை வைத்தால் குறுகுறுக்கும். அதில் ஏதோ கப்பல் கம்பெனிப் பெயரின் ஒற்றை எழுத்து என் உயரத்துக்கு வெள்ளையில் இருந்தது. எனக்கு ஆங்கில எழுத்து பாதிதான் தெரியும். ஆனாலும் அந்த எழுத்து எனக்குச் சொந்தம் என்று அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன்.

வண்டியை உயரமாக்க வேண்டும் என்று லாரியின் ஸ்பிரிங் பட்டைகளைக் காயலான் கடையில் பொறுக்கி வந்து, எஞ்சினை ஓட வைத்த பட்டறையிலேயே மாட்டினார். டயருக்குப் புதிது வாங்க வழியில்லை. தேய்ந்ததன்மேல் புது ரப்பர் ஒட்டி ரீபட்டன் போட்ட லாரி டயர், பெரிய பெரிய கட்டைகளோடு. அதை உள்ளே நுழைக்க மட்கார்டை அறுத்தார். எல்லாம் முடிந்து ஜீப் எழுந்து நின்றபோது, அது எதற்கோ கோபித்துக்கொண்டு தலையைத் தூக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. லாரிப் பட்டைக்கு ஜீப்பின் எடையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. முதல்நாள் அதில் ஏறி டீக்கடை வரை போய் வந்த அப்பா, இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திண்டாடினார். வண்டியைப் பற்றி அவர் சொன்ன கருத்தை இங்கே எழுத முடியாது.

படி வைத்ததுதான் வேடிக்கை. அவ்வளவு உயர வண்டிக்கு, கட்டடக் கம்பியை வளைத்து இரண்டு தட்டுப் படி ஒன்றை வெல்டிங் வைத்தார். கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு சாண்தான் இருக்கும். அவருடைய தோஸ்து, அவரும் டிரெய்லர் ஓட்டுகிறவர், வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"மாமு, வண்டிய அவ்ளோ ஒசரம் ஏத்திட்டு, படிய இவ்ளோ கீழ வச்சா எப்டி? மண்ணுல இடிக்குமே."

"இடிக்கட்டும்."

"ஆஃப் ரோடு வண்டில எவனாச்சும் படி வைப்பானா? நீ காட்ன வீடியோல இருந்துச்சா?"

"இல்ல. எனுக்கு வோணும்" என்றார் சித்தப்பா.

தோஸ்து பின்னால் எட்டிப் பார்த்தார். எதிரும் புதிருமாக இருக்க வேண்டிய சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரே பெஞ்சாகப் போட்டு, தடிமனாக ஸ்பாஞ்சு வைத்திருந்தது. அதைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். சித்தப்பாவின் தோளில் கையைப் போட்டு டீ சாப்பிடக் கூட்டிப்போனார். பாப்பா படுத்துக்கொண்டு வருவதற்காக இருக்கும் என்று நான் நினைத்தேன். இருந்தாலும் ஒரு பாப்பாவுக்கு இவ்வளவு நீளம் அதிகம் என்று பட்டது.

கடைசியாக மூக்கு. டீசல் எஞ்சினுக்குத் தண்ணீரைப் பற்றிக் கவலை இல்லையாம். அது மூச்சு இழுக்கும் இடத்தில் மட்டும் தண்ணீர் புகாமல் இருந்தால் போதும், குளத்துக்குள்ளும் ஓடுமாம். வீடியோக்காரர்கள் அதற்கென்று ஒரு அழகான கறுப்புக் குழல் வைத்திருந்தார்கள். சித்தப்பா கக்கூஸுக்குப் போடும் பிளாஸ்டிக் குழாயை வாங்கி வந்தார். எஞ்சினிலிருந்து பக்கவாட்டில் வெளியே எடுத்து, ஜன்னல் ஓரமாகவே கூரைக்கு மேலே ஏற்றி, உச்சியில் ஒரு வளைவு வைத்து முடித்தார். அதன் வாயில் இலையும் பூச்சியும் போகாமல் ஒரு வடிகட்டி. அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டில் டீயை முந்தானையால் வடிகட்ட வேண்டியிருந்தது. "தம்பி, நீ காலி பண்ணாம வுட்டது இந்த வூட்டுல நானும் அண்ணனுந்தான்" என்றாள் அம்மா.

மூக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு, குழாயின் வாயை உள்ளங்கையால் அடைக்க வேண்டும். எங்கேயும் கசிவு இல்லையென்றால் மூச்சுத் திணறி எஞ்சின் நின்றுவிடும். சித்தப்பா அடைத்தார். எஞ்சின் நிற்கவில்லை. ஜோராக ஓடியது. தெருப் பையன்கள் கைதட்டினார்கள். சித்தப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்து குழாயின் மூட்டுகளைப் பிரிப்பதும், பசை தடவுவதும், கட்டுவதும், எஞ்சின் நிற்காததைப் பார்த்து நொந்துபோவதுமாக இருந்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. சித்தப்பா ஏதோ தப்பு செய்கிறார், வண்டிக்கு விஷயத்தைச் சொல்லாமல் வேலை வாங்கப் பார்க்கிறார் என்று தோன்றியது. ஒரு சாயங்காலம் அவர் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தார். நான் அந்தக் கம்பிப் படியில் ஏறி, சீட்டில் ஏறி, ஜன்னல் வழியாக எக்கி, வளைந்திருந்த மூக்கில் வாயை வைத்தேன். மாதா கோயிலில் கேட்பதுபோல மெதுவாகத்தான் சொன்னேன்.

"ஜீப்பு, ஆஸ்பத்திரில எங்க பாப்பா கீது. ரொம்ப நாளா தனியா கீது. நீ சீக்கிரம் ரெடியாயி அத்த இட்டாந்துடு."

குழாயின் அடுத்த முனையைக் கழற்றி சித்தப்பா கையில் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. பானெட்டுக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றுபோனது. பிறகு அவர் நிமிர்ந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஆயிலு பட்டுச்சு" என்றார், நான் கேட்காமலேயே. "பாப்பா அங்க கீதுன்னு யாரு சொன்னா உனுக்கு?"

"அம்மா."

அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. என்னை ஜன்னலிலிருந்து தூக்கி இறக்கிவிட்டு, "சரி கண்ணு. இட்டாரலாம்" என்றார்.

இரண்டொரு நாளில் மூக்கு சரியாகிவிட்டது. நான் பேசியதால்தான் என்று எனக்கு இன்றுவரை ஒரு சந்தேகம் உண்டு. அன்று வாயை அடைத்தது சித்தி. சித்தப்பா எஞ்சினை ஓடவிட்டார். சித்தி படியில் ஏறி நின்று உள்ளங்கையை வைத்தாள். வண்டி இரண்டு தரம் குலுங்கி, இருமி, அப்படியே அடங்கிப்போனது. "நின்னுபோச்சு, நின்னுபோச்சு" என்று சித்தப்பா தெருவில் குதித்தார். தன் வண்டி நின்றுபோனதற்கு ஒரு மனிதன் இப்படி ஆடுவதைத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. சித்தி கையை எடுக்காமல் சிரித்துக்கொண்டே நின்றாள். அந்த வருடம் அவள் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

சித்தி அப்போது குண்டாகிவிட்டிருந்தாள். எல்லோரும் அவளை வேலை செய்யவிடாமல் உட்கார வைத்துச் சோறு போட்டதால் வந்த வினை என்பது என் கணக்கு. வீட்டில் யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வளையல் போடவில்லை, அக்கம்பக்கத்தில் சொல்லவில்லை, தொட்டில் வாங்கவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்ற பயம். தெரிந்தே எல்லோரும் தெரியாத மாதிரி நடந்த வீட்டில், உண்மையாகவே தெரியாதவளாக நான் இருந்தேன். சித்தி மட்டும் ஒரு காரியம் செய்தாள். தண்ணீருக்குள் போகும்போது வண்டி முகத்தில் கட்டவென்று, தார்ப்பாயை வெட்டி, வலை பின்னும் நைலான் நூலால் ஒரு முன்மறைப்பு தைத்துக்கொடுத்தாள். நெருக்கமான தையல். அவளுடைய அண்ணன் வலையில்கூட அவ்வளவு நெருக்கமாக முடிச்சு போட்டிருக்கமாட்டார் என்று அவளே சொன்னாள்.

மழை அந்த வருடமும் வந்தது. சித்தியை ராயபுரத்தில் அண்ணன் வீட்டில் எப்படியாவது கொண்டுபோய் விடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். வருகிற ஞாயிறு பூசை முடிந்து கிளம்புவதாக ஏற்பாடு. ஏரியை அதற்கு முன்பே திறந்துவிட்டார்கள். காலையில் எழுந்தபோது தெரு இல்லை. பழுப்பாகத் தண்ணீர் இருந்தது. பள்ளிக்கூடம் இல்லை என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது பின்னறையில் சித்தி கத்தினாள். அம்மா உள்ளே ஓடினாள், உடனே வெளியே வந்தாள்.

"தம்பி, வண்டிய எடு."

சித்தப்பா வாசலுக்கு ஓடினார். தார்ப்பாயை முகத்தில் இழுத்துக் கட்டினார். அவசரத்தில் முடிச்சு விழவில்லை; அப்பா வந்து முடிச்சுப் போட்டார். வண்டியைப் பற்றி ஆறு மாதமாக ஒரு நல்ல வார்த்தை சொல்லாத அப்பா, துணி உலர்த்தும் மூங்கிலை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். "ரோடு எங்க கீதுன்னு உனுக்குத் தெரியாது. நா முன்னாடி நடக்கறேன். என் முதுகப் பாத்துகினே வா" என்றார்.

சித்தியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். அந்தக் கம்பிப் படியின் கீழ்த்தட்டில் காலை வைத்து அவள் ஏறினாள், ஒரு தட்டு, இன்னொரு தட்டு. வலிக்கு நடுவில் சித்தப்பாவைப் பார்த்து, "இந்தப் படிய மட்டும் ஒயுங்கா வச்சிகீற" என்றாள். நீளப் பெஞ்சில் படுத்தாள். அது அவளுக்குச் சரியாக இருந்தது. அம்மா அவள் தலைமாட்டில். என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால், சித்தப்பாவுக்குப் பக்கத்தில் என்னைத் தூக்கிப் போட்டார்கள்.

அப்பா மூங்கிலால் தட்டித் தட்டி ரோட்டின் விளிம்பைத் தேடிக்கொண்டே நடந்தார். தண்ணீர் அவருக்கு முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது, தரைப்பாலத்தில் மார்புக்கு வந்தது. ஜீப் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனது. தார்ப்பாய்க்கு முன்னால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது. என் காலடியில் கண்டெய்னர் தகட்டு மடிப்புகளில் தண்ணீர் ஊறி வந்தது. என் எழுத்து முழுகியது. ஜன்னலுக்கு வெளியே மூக்கு மட்டும் புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை. வேதனையில் சித்தி மாதாவைக் கூப்பிட்டாள், சித்தப்பாவைத் திட்டினாள், மறுபடி மாதாவைக் கூப்பிட்டாள். பாப்பாவை இவ்வளவு நாள் காக்க வைத்ததற்காக அழுகிறாள் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

சக்கரம் தாரில் ஏறியது. அப்பா ஓரமாக விலகி, மூச்சு வாங்கிக்கொண்டே மூங்கிலை ஆட்டிப் போகச் சொன்னார். ஆஃப் ரோடு முடிந்தது. இனி முழு ரோடு, சிமெண்ட் மாதிரி கெட்டியான ரோடு. சித்தப்பா முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மெயின் ரோட்டில் போய்த் திரும்பியதும் சிரிப்பு போய்விட்டது. கண்ணுக்கு எட்டிய வரை டிரெய்லர்கள். துறைமுகத்துக்குள் விடவில்லை போலிருக்கிறது. மூன்று வரிசையாக, ஒட்டி ஒட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு நின்றிருந்தன. ஆறு மாதமாகத் தண்ணீரைப் பற்றி மட்டுமே யோசித்த மனுஷனுக்கு, தான் தினமும் நிற்கிற அந்த வரிசை ஞாபகத்துக்கு வரவில்லை. ஹாரனை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். பிறகு கையை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"ஆஃப் ரோட தாண்டிட்டேனே. ஃபுல் ரோட்டுல வந்து மாட்டிகினனே" என்றார்.

அப்போது முன்னாலிருந்த ஒரு டிரெய்லரின் கதவு திறந்தது. இறங்கியவர் அந்தத் தோஸ்து. வரிசையின் நடுவில் நின்றவருக்கு, வண்டிகளின் இடுக்கு வழியாக, ஜீப் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கக்கூஸ் குழாய் கண்ணாடியில் தெரிந்திருக்கிறது. ஊரில் வேறு எவன் வண்டிக்கு அது உண்டு? ஓடி வந்து உள்ளே ஒரு பார்வை பார்த்தார். திரும்பி ஓடினார். ஒவ்வொரு டிரெய்லரின் கதவிலும் அறைந்தார்.

"ஏய், மூக்கு வண்டி வருது. நம்ம ஆளுடா. உள்ள அவன் சம்சாரம் கீது. ஒதுங்குடா, ஒதுங்கு."

எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. அவ்வளவு பெரிய வண்டிகள் ஒரு சாண், இரண்டு சாண் என்று வலது பக்கம் நெருக்கிக்கொண்டன. இடது ஓரத்தில் ஒரு ஜீப் போக இடம் கிடைக்கவில்லை. பாதி ஜீப் போக இடம் கிடைத்தது. சித்தப்பா இரண்டு சக்கரத்தைத் தாரில் வைத்து, இரண்டு சக்கரத்தை ஓரத்துச் சேற்றில் இறக்கி, சாய்ந்த வாக்கில் ஓட்டினார். அந்தக் கம்பிப் படி மண்ணில் இடித்து வளைந்து, உழுதுகொண்டே வந்தது. டிரைவர்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார்கள். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மாவும் சித்தியும் உள்ளே போய்விட்டார்கள். நானும் சித்தப்பாவும் வண்டியிலேயே இருந்தோம். அவர் எஞ்சினை நிறுத்தவில்லை. உள்ளே வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை. பெரியவர்கள் பயப்படுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவரை எப்படியாவது தேற்ற வேண்டும் என்று இருந்தது.

"அழாத சித்தப்பா. பாப்பா உள்ளதான் கீது. இவ்ளோ நாளா அவங்க நல்லா பாத்துகினு இருப்பாங்க. இன்னிக்கு இட்டுகினு போயிடலாம்" என்றேன்.

அவர் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். அவர் நெஞ்சு என் முதுகில் திம் திம் என்று அடித்தது. அம்மா வெளியே ஓடி வரும்வரை அப்படியே இருந்தோம். அம்மா முகத்தைப் பார்த்த பிறகுதான் அவர் எஞ்சினை நிறுத்தினார்.

பெண் குழந்தை. என்னைத் தூக்கிக் காட்டினார்கள். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. முகம் சுருங்கி, கண் திறக்காமல், என் பள்ளிக்கூட டிபன் பாக்ஸ் அளவுக்கு இருந்தது.

"ஏன் இவ்ளோ சின்னதா கீது? ஒரு வருசமா இங்க சோறே போடலியா?" என்று கேட்டேன்.

அம்மாவின் முகம் வெளிறிப்போனது. அரிசி களைந்துகொண்டே சொன்ன பதில் இங்கே வந்து நிற்கும் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள். சித்தி கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தாள், பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா என் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார்.

"மழைல நனைஞ்சுட்ச்சில்ல கண்ணு, அதான் சுருங்கிபோச்சு. வெயில் வந்தா பெருசாயிடும்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. என் பாவாடைக்கும் அப்படி ஆகியிருந்தது. சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சுவர்ப் பக்கம் திரும்பி அழ ஆரம்பித்தாள். பாப்பா கிடைத்த பிறகும் எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. சித்தப்பா அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். வயிற்றுவலி இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்த மழை முழுக்க மூக்கு வண்டி தெருவுக்குப் பால் கொண்டுவந்தது, மாத்திரை கொண்டுவந்தது, ஒரு கல்யாணப் பெண்ணைக்கூட மெயின் ரோடு வரை கொண்டுபோய் விட்டது. இப்போது எங்கள் ரோட்டுக்கு முழுவதும் தார் போட்டாயிற்று. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் "ஆஃப் ரோட்டாண்ட எறக்கி வுடுங்க" என்றால்தான் சரியான இடத்தில் நிறுத்துகிறார்.

வெயில் வந்ததும் பாப்பா பெருசாகிவிட்டாள், சித்தப்பா சொன்ன மாதிரியே. கல்லறைத் திருநாள் அன்று எல்லோரும் அந்த ஜீப்பில்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். தாத்தா கல்லறைக்குப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிய பிறகு, சித்தி மதில் ஓரமாக நடப்பாள். சின்னச் சின்ன மேடுகளாக இருக்கும் இடம் அது. அதில் ஒன்றில், பெயர் எழுதாத ஒரு சிலுவைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். காற்றில் அணையாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே இருப்பாள். இது யாருடையது என்று முதல் வருடம் கேட்டேன். "யாரும் இல்லாத கல்லறைக்கும் ஒண்ணு ஏத்தணும்" என்றாள் அம்மா. நல்ல பழக்கம் என்று தோன்றியது. யாரும் இல்லாத கல்லறைக்கு வருடா வருடம் வெள்ளையடித்து வைப்பது யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

தங்கைக்குப் பேச்சு வந்த வருடம், அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் சிலுவையை நான்தான் காட்டினேன். பெரியவள் என்ற முறையில் எல்லாம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது.

"இது யாரும் இல்லாத பாப்பாடி. பாவம். நாமதான் இதுக்கு" என்றேன்.

சித்தப்பா என் தலையில் கையை வைத்தார்.

"ஆமா கண்ணு. நாமதான்" என்றார்.